முப்பத்தொரு பெனால்டி கார்னர்

பெற்றோர் வைத்த பெயர் அவளுக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி மேலாளர் முதல் பட்டறையில் டயர் மாற்றுகிறவர் வரை அந்தப் பேருந்து டிப்போவில் எல்லாருக்கும் அவள் நிமிஷம் அக்கா. வெளியே போகிற வண்டியும் உள்ளே வருகிற வண்டியும் அவளுடைய ஜன்னலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஓட்டுநர் கையெழுத்துப் போடுவார், அவள் நேரம் எழுதுவாள். "ஒரு நிமிஷம்தானே அக்கா, முன்னால போட்டுக்கோங்க" என்று கெஞ்சாத ஓட்டுநர் கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஒரு நிமிடத்தை அவள் யாருக்கும் தந்ததும் கிடையாது.

நிமிடத்தில் அத்தனை கறார் காட்டுகிறவளுக்கு நொடியைப் பற்றிக் கவலையே இல்லை. டிப்போவின் பதிவேட்டில் நொடிக்கு இடமில்லை. வண்டி ஆறு பதினாலு ஐம்பது நொடிக்கு வாசலைத் தாண்டினாலும் ஆறு பதினாலு என்றுதான் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று சொல்லிக்கொடுத்த விதி அது. ஓட்டுநருக்கு ஐம்பது நொடி லாபம், யார் குடியும் முழுகிவிடாது. அந்தப் பழக்கம் அவள் கையில் ஊறிப்போயிருந்தது.

சாதுவான பெண் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு முறை நாற்பது நிமிடம் தாமதமாக வந்த வண்டிக்கு ஒரு ஓட்டுநரிடம் விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. அந்த மனிதர் அன்று மனைவியின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தார். வண்டியை ஓட்டியவர் வேறொருவர். பட்டியலில் இவர் பெயர்தானே இருக்கிறது என்றது அலுவலகம். நிமிஷம் அக்கா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிப்போய் மேலாளரின் மேசை முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. தேநீர் வேண்டுமா என்றார்கள், வேண்டாம் என்றாள். ஒன்றரை மணி நேரம் கழித்து மேலாளர் அந்த வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டார். செய்யாத தப்பை ஒருவர் தலையில் கட்டுவதைக் கண்டால் அவளுக்கு உடம்பே எரியும்.

ஹாக்கி அவள் வாழ்க்கைக்குள் வந்ததும் வேலை வழியாகத்தான். சேர்ந்த மூன்றாவது வருடம், ஜூனியர் தேசிய அணி ஆடும் போட்டிக்குச் சிறப்புப் பேருந்துகள் விட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் வண்டிகளை ஒவ்வொன்றாக அனுப்ப அவளை மைதான வாசலில் உட்கார வைத்தார்கள். ஆட்டம் எப்போது முடியும் என்று தெரிய வேண்டுமே என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். எட்டிப் பார்த்தவள் பத்தொன்பது வருடமாகத் திரும்பவே இல்லை. பெரியவர்களின் அணி அவளை அவ்வளவாக இழுத்ததில்லை. அவர்களுக்குப் பின்னால் விளம்பரமும் கூட்டமும் இருக்கிறது. இந்தப் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் இரண்டு வருடம் ஆடுவார்கள், அதற்குள் யாராவது பார்த்துவிட்டால் மேலே போவார்கள், பார்க்காவிட்டால் போனதுதான். அதனால் அவள் பார்த்தாள்.

சும்மா பார்க்க அவளுக்குத் தெரியாது. மடியில் ஒரு நோட்டு இருக்கும். யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார், எப்போது, எல்லாம் கட்டம் போட்டு எழுதுவாள். அவளுடைய கணவர் தையல் மெஷின் பழுது பார்க்கிறவர், ஹாக்கி மட்டையின் எந்தப் பக்கம் பந்தைத் தொடும் என்றுகூடத் தெரியாதவர். "இவளுக்கு டிப்போ பத்தாதுன்னு மைதானத்துலயும் ட்யூட்டி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் வாயை அடைக்க முடியாது என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்த வருடம் உலக ஜூனியர் போட்டிக்கு முன்னால் ஆறு ஆட்டங்கள் அவர்கள் நகரத்திலேயே நடந்தன. ஆறுக்கும் போனாள். நம் அணிக்கு ஆறு ஆட்டத்தில் முப்பத்தொரு பெனால்டி கார்னர் கிடைத்தது. பெனால்டி கார்னர் என்பது கிட்டத்தட்டக் கையில் கொடுக்கப்பட்ட வாய்ப்பு. ஒருவர் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவார், வட்டத்துக்கு வெளியே ஒருவர் அதைத் தடுத்து நிறுத்துவார், மூன்றாமவர் அதை மட்டையில் இழுத்து கோலை நோக்கி வீசுவார். நம் அணியில் வீசுகிறவனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் சுத்தியல். பந்தை நிறுத்துகிறவன் பக்கவாட்டில் குனிந்து குனிந்து நகர்வதால் நண்டு. சுத்தியல் வீசினால் பந்து கண்ணுக்குத் தெரியாது, கோலின் பின்பலகை அதிரும் சத்தம்தான் கேட்கும்.

ஆனால் அந்தச் சத்தம் கேட்டது ஐந்தே தடவை. காரணம் கோச் என்பது அரங்கில் இருந்த எல்லாருடைய எண்ணமும். அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரனும் ஆறு நிமிடம் உள்ளே, மூன்று நிமிடம் பெஞ்சில். வானம் இடிந்து விழுந்தாலும் மாறாது. ஹாக்கியில் அம்பயர் பெனால்டி கார்னர் கொடுத்துவிட்டால் அது முடியும்வரை ஆளை மாற்றக்கூடாது. ஆகவே சுத்தியல் பெஞ்சில் இருக்கும்போது கார்னர் கிடைத்தால் அவன் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வேடிக்கைதான் பார்க்கலாம். வேறு யாரோ வீசி வேறு எங்கோ போகும். "அவனை எதுக்குய்யா உட்கார வச்சிருக்கே" என்று ஆயிரம் பேர் கத்துவார்கள். கோச் திரும்பியே பார்க்க மாட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை, உலகப் போட்டிக்குப் போகும் பதினெட்டுப் பேரின் பட்டியல் வந்தது. சுத்தியல் இல்லை. தேர்வுக்குழு காரணமும் எழுதியிருந்தது. முப்பத்தொரு கார்னருக்கு ஐந்து கோல், ஆறுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை, நாலுக்கு ஒன்றாவது அடிக்காதவருக்கு உலகப் போட்டியில் இடமில்லை. நிமிஷம் அக்கா அதை டிப்போ ஜன்னலில் உட்கார்ந்தபடி போனில் படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அன்று அந்த வண்டி இரண்டு நிமிடம் தாமதம். காரணம் என்ற கட்டத்தில் 'நேரக்காப்பாளர்' என்று எழுதி அவளே கையெழுத்துப் போட்டாள்.

பெஞ்சில் இருந்தவன் பெயரில் முப்பத்தொன்றையும் எழுதிவிட்டார்களே என்பதுதான் அவளால் பொறுக்க முடியாமல் போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற ஓட்டுநர் கதைதான் இதுவும். பகல் ஒரு மணிக்கு வேலை முடிந்ததும் நேரே ரசிகர் சங்கத் தலைவரின் மருந்துக்கடைக்குப் போனாள். நோட்டைக் கவுன்ட்டரில் விரித்தாள். முப்பத்தொன்றில் சுத்தியல் களத்தில் இருந்தது பன்னிரண்டுக்குத்தான். பன்னிரண்டில் ஐந்து கோல். மருந்துக்கடைக்காரர் மாத்திரை கேட்டு நின்றவரைக் கூட மறந்துவிட்டு வாயைப் பிளந்தார். பாதிக்குக் கொஞ்சம்தானே குறைவு, நாட்டிலேயே இப்படி அடிக்கிறவன் கிடையாதே என்றார். மாலைக்குள் அந்த நோட்டுப் பக்கம் படம் பிடிக்கப்பட்டு ஆயிரக்கணக்கான போன்களில் சுற்றியது. 'பன்னிரண்டில் ஐந்து' என்று பனியனில் அச்சடித்துக்கொண்டவர்களும் உண்டு. கூச்சல் தாங்காமல் தேர்வுக்குழு, வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சங்கத்தின் சார்பில் இருவர் வரலாம், பத்து நிமிடம் தரப்படும் என்று சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலைவரை பட்டியலைத் திருத்த வழி இருந்தது.

புதன்கிழமை வேலை முடிந்து வந்து, நாளைக்குக் கையில் எடுத்துப் போக ஒழுங்கான பட்டியல் தயாரிக்க உட்கார்ந்தாள். ஆறு ஆட்டங்களின் பதிவும் இணையத்தில் இருந்தது. நோட்டோடு ஒத்துப் பார்ப்போம் என்று டிவியில் முதல் ஆட்டத்தைப் போட்டாள். கணவர் கீழே செய்தித்தாளை விரித்து, ஒரு தையல் மெஷினின் தலையைக் கழற்றி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கண் டிவியிலும் இருந்தது.

"இந்தக் கடிகாரம் ஏன் கொறஞ்சுகிட்டே போகுது?" என்று கேட்டார்.

மீதி எவ்வளவு நேரம் இருக்கிறது என்று காட்டுவது அப்படித்தான், ஆட்டத்துக்கு நாலு பகுதி, ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடத்தில் தொடங்கிப் பூஜ்யத்துக்கு வரும் என்று சலிப்போடு விளக்கினாள். அவர் எட்டி நோட்டைப் பார்த்தார்.

"அங்க நாலு நிமிஷம் அம்பது நொடின்னு காட்டுது. நீ நாலுன்னு எழுதியிருக்கே. அம்பது நொடியை முழுங்கிட்டியா?"

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தாள். டிப்போக் கடிகாரம் முன்னால் ஓடும். அங்கே நொடியை விட்டால் வண்டி சற்று முன்னதாகப் போனதாக ஆகும். இந்தக் கடிகாரம் பின்னால் ஓடுகிறது. இங்கே நொடியை விட்டால், நடந்தது கிட்டத்தட்ட ஒரு நிமிடம் பின்னால் நடந்ததாக ஆகிவிடும். கார்னர் நேரம் முழுவதையும் மைதானத்துப் பெரிய கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருந்தாள். சுத்தியல் வெளியே போன நேரத்தையோ, யாராவது போனால் மணிக்கட்டைப் பார்க்கும் இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதி, வீட்டுக்கு வந்து ஆட்ட நேரமாக மாற்றியிருந்தாள். ஆறு நிமிடம் ஆகிறபோது கார்னர் நடந்துகொண்டிருந்தால், அது முடிந்த கையோடு சுத்தியலை ஓய்வுக்கு வெளியே இழுப்பது கோச்சின் வழக்கம். அப்படியானால் முதலில் கார்னர், பிறகு அவன் வெளியே. அவள் நோட்டில் முதலில் அவன் வெளியே, பிறகு கார்னர். அவன் வீசித் தவறவிட்ட கார்னர்களில் சிலவற்றை அவன் பெஞ்சில் இருந்தபோது நடந்ததாக எழுதிவைத்திருக்கிறாள்.

எத்தனை? அதுதான் இப்போது கேள்வி. நாலுக்கு ஒன்று என்பது அவர்கள் வைத்த அளவு. ஐந்து கோலுக்கு இருபது கார்னர்வரை தாங்கும். இருபத்தொன்று ஆகிவிட்டால் அவர்கள் சொன்ன அளவிலேயே அவன் தோற்றான், மனு என்று ஒன்று கிடையாது.

முதல் ஆட்டத்திலேயே இரண்டு தப்பு. பன்னிரண்டு, பதினாலாயிற்று. இரண்டாம் ஆட்டம் சுத்தம். மூன்றாவதில் இரண்டு, பதினாறு. கணவர் மெஷினை விட்டுவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், கேலி எதுவும் பேசவில்லை. நான்காவதில் ஒன்று. ஐந்தாவதில் ஒன்று. பதினெட்டு. ஆறாவது ஆட்டத்தில் சந்தேகமானவை மூன்று இருந்தன. மூன்றும் தப்பாக இருந்தால் இருபத்தொன்று.

முதலாவதில் சுத்தியல் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது ஓரத்தில் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவதில் அவனே வீசினான், பந்து கோல்கீப்பரின் காலில் பட்டுப் போனது. பத்தொன்பது. மூன்றாவதை ஓடவிடாமல் சற்று நேரம் அப்படியே நிறுத்திவைத்தாள். ஓடவிட்டால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது. பிறகு ஓடவிட்டாள். வட்டத்துக்கு வெளியே நின்றது ஒரு குட்டையான பையன், சுத்தியல் இல்லை.

பத்தொன்பதில் ஐந்து. நாலுக்கு ஒன்றைத் தாண்டுகிறது, மயிரிழையில். அவன் பெஞ்சில் இருந்தது மிச்சம் பன்னிரண்டுக்கு மட்டும்தான். பன்னிரண்டில் ஐந்து என்று ஊரையே கூட்டிவைத்திருக்கிறாள். அவமானம் பிடுங்கித் தின்றது. நிமிடம் பிசகாதவள் என்று பெயர் வாங்கியவள் ஏழு இடத்தில் பிசகியிருக்கிறாள், அதை ஆயிரம் பேர் பனியனில் வேறு போட்டுக்கொண்டு திரிகிறார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு, மாலை வெயிலில் மருந்துக்கடைக்கு நடந்தாள்.

மருந்துக்கடைக்காரர் முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் கையில் வந்த வெற்றியை யாராவது பிடுங்கினால் அவருக்கும் கோபம் வரும். அவர்கள் என்ன நொடிக்கணக்கா பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறார்கள், பன்னிரண்டு என்றே சொல்வோம், அந்தப் பையனுக்கு நல்லதுதானே என்றார். ஏழு தப்பை நாமாகத் தூக்கி அவர்கள் கையில் கொடுப்பதற்குப் பெயர் நேர்மை இல்லை, அசட்டுத்தனம் என்றும் சொன்னார்.

"தலைவரே, அவன் இல்லாத பன்னெண்டை அவன் தலையில கட்டினாங்கன்னுதான் நாம போறோம். அவன் இருந்த ஏழு கார்னரை நான் மறைச்சா, அவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"பத்தொம்பதுன்னு சொன்னா சிரிச்சு அனுப்பிடுவாங்க அக்கா. அவன் வாய்ப்பு போயிடும்."

"போகலாம்," என்றாள். அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. "ஆனா பன்னெண்டுன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

அவர் கொஞ்ச நேரம் மாத்திரை அட்டைகளை அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். கடைசியில், பேசுவதெல்லாம் நீங்களே பேசுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தாள். தேர்வுக்குழுவின் அறை நீளமாக, சுவர் முழுக்கக் கோப்பைகளும் பழைய அணிகளின் படங்களுமாக இருந்தது. நடுவில் குழுத் தலைவர், கனத்த உடம்பு, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். அவர் பக்கத்தில் கோச். அரங்கிலிருந்து பார்க்கும்போது பெரிய ஆளாகத் தெரிந்தவர் கிட்டே பார்த்தால் ஒல்லியாக, வெயிலில் காய்ந்து, தூங்காத கண்ணோடு இருந்தார். அவர் முன்னால் ஒரு தாள். ஜன்னல் வழியாகத் தள்ளப்படும் பதிவேடுகளைத் தலைகீழாகப் படித்தே பழகியவள் நிமிஷம் அக்கா. அது அவளுடைய நோட்டுப் பக்கத்தின் படம். அதில் சிவப்பு மையில் ஏழு வட்டம்.

எந்த ஏழு என்று பார்த்ததும் புரிந்தது. இந்த மனிதர் எல்லாவற்றையும் நொடிக்கணக்கில் வைத்திருக்கிறார். அவள் வாயைத் திறந்து பன்னிரண்டு என்று சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்.

குழுத் தலைவர் ஆரம்பித்தார். "அந்தப் பையனுக்கு நீங்க என்ன உறவு?"

"உறவெல்லாம் இல்ல சார். ஆட்டம் பார்க்கிறவ."

"பார்க்கிறவங்க சொல்றபடி டீம் எடுக்க முடியுமா?"

"எடுக்க வேண்டாம் சார். முதல்ல எங்க பக்கத்துத் தப்பைச் சொல்லிடறேன். பன்னெண்டுன்னு எழுதினது நான். ஏழு தப்பு. அவன் இருந்தது பத்தொம்பதுக்கு."

மருந்துக்கடைக்காரர் தலையாட்ட மறந்து தரையைப் பார்த்தார். அவள் ஏழு தப்பையும் ஆட்டம், பகுதி, நிமிடம், நொடி என்று வரிசையாகப் படித்தாள். கோச்சின் பேனா ஒவ்வொரு சிவப்பு வட்டத்தின் மேலும் போய் நின்று நகர்ந்தது. ஏழும் முடிந்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"பத்தொம்பதுல அஞ்சு," என்றாள். "நாலுக்கு ஒண்ணுன்னு நீங்க போட்ட அளவுக்கு மேலதான் இருக்கு. மிச்சம் பன்னெண்டுல அவன் பெஞ்சுல இருந்தான். அந்தப் பன்னெண்டுல ஒரு கோலும் இல்ல. அதை எதுக்கு அவன் பேர்ல எழுதினீங்க?"

குழுத் தலைவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி கோச்சைப் பார்த்தார். இந்த அம்மா சொல்வது உண்மையா என்று கேட்டார்.

கோச் தன் முன்னால் இருந்த தாளைத் தள்ளி வைத்தார். ஏழு தப்பு என்று அவள் கணக்கைக் கிழித்துப் போடத் தயாராக வந்தவர். அந்த ஏழையும் அவளே எடுத்துக் கொடுத்த பிறகு மிச்சம் இருப்பது அந்தப் பன்னிரண்டுதான்.

"சரியாத்தான் சொல்றாங்க. ஏழும் சரி. பன்னெண்டும் சரி."

அப்படியானால் முப்பத்தொன்று என்று ஏன் கொடுத்தீர்கள் என்று குழுத் தலைவர் பாய்ந்தார். அணியின் மொத்தம் என்று கொடுத்தேன், ஒருவன் தலையில் எழுதியது நீங்கள் என்று கோச் திருப்பிக் கொடுத்தார். இருவரும் கொஞ்ச நேரம் இவர்கள் இருப்பதையே மறந்து சண்டை போட்டார்கள். பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது, முடிந்ததைச் சொல்ல வேண்டியவர்களுக்கு அது நினைவில் இல்லை. அவளுக்கு இருந்தது, ஆனால் இந்த ஒரு தடவை அவள் சொல்லவில்லை.

போகும்முன் கோச்சிடம் மட்டும் கேட்டாள், ஆறு நிமிடம் ஆனதும் அவனை ஏன் இழுக்கிறீர்கள் என்று. அவனுக்கு முட்டியில் பழைய அடி, நாலாவது பகுதியில் அவன் கால் எனக்கு வேண்டும், முழுக்க ஓடவிட்டால் மூன்றாவது ஆட்டத்திலேயே படுத்துவிடுவான் என்றார் அவர். பத்தொன்பது வருடம் பார்த்தும் அவளுக்கு அது தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொண்டு அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்கு மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். பின்னால் ஒரே ஆரவாரம். பதினெட்டில் சுத்தியல் இருக்கிறான், ஜெயித்துவிட்டோம் அக்கா என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கணவரைப் பார்த்துத் தலையசைத்தாள், அவர் திருப்புளியோடு கையைத் தூக்கிக் காட்டினார்.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பதினெட்டு என்றால் பதினெட்டுத்தான். தினமும் வேலைப் பட்டியல் போடுகிறவள் அவள். ஒரு வண்டியில் ஒருவரை ஏற்றினால் இன்னொருவரை இறக்கத்தான் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாத பாடமில்லை. ஆனால் இந்த நாலு நாளில் ஒரு தடவைகூட அந்த நினைப்பு வரவில்லை.

"யாரை வெளிய எடுத்தாங்க?"

ஆரவாரத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டாள். பட்டியலைத் தேடிப் படித்துவிட்டு, "நண்டை" என்றார். குரலில் இருந்த துள்ளல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தாள். சுத்தியல் உள்ளே இருந்தால் அவன்தானே வீசுவான் என்று வீசுகிறவனுக்குக் கட்டம் போடவில்லை, ஆனால் கார்னருக்குக் கார்னர் நிறுத்தியது யார் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் கை தன் பாட்டுக்கு எழுதியிருந்தது, கூட்டிப் பார்க்கத்தான் இதுவரை தோன்றவில்லை. இப்போது விரல் வைத்துக் கூட்டினாள். கோலான ஐந்திலும் பந்தை நிறுத்தியவன் நண்டு. நிறுத்திக் கொடுக்க ஆள் இல்லாமல் சுத்தியல் அங்கே போய் எதை வீசப்போகிறான்? இந்த மகானுபாவர்கள் வீசுகிறவனை எடுத்துக்கொண்டு நிறுத்துகிறவனைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். வாய்க்கு வந்ததைத் திட்டினாள். திட்டி முடித்ததும் கோபம் தன் பக்கமே திரும்பியது. அந்தப் பையன் நேற்றுவரை பட்டியலில் இருந்தான். எங்கோ ஒரு வீட்டில் இன்று பெட்டியிலிருந்து துணிகளை வெளியே எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவளிடம் நோட்டு இல்லாதிருந்தால் அவன் போயிருப்பான்.

"தலைவரே, இன்னொரு பத்து நிமிஷம் வாங்குங்க."

"அக்கா, திருத்தறதுக்கு இன்னிக்கோட நேரம் முடிஞ்சு போச்சு."

"காயம்னா கிளம்புற நாள்வரைக்கும் ஆளை மாத்தலாம்னு அவங்க விதியிலேயே இருக்கு. ஒருத்தனுக்காக மாத்தலாம்னா இன்னொருத்தனுக்காகவும் மாத்த வழி இருக்கும். கேளுங்க."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பின்னால் இருந்த ஆரவாரத்திலிருந்து தள்ளி வந்தார் போலும், சத்தம் குறைந்தது. பிறகு அவர் கேட்டது கிண்டலாக இல்லை.

"சரி, கேக்கறேன். நண்டை ஏத்தச் சொன்னா, யாரை இறக்கச் சொல்வீங்க?"

அவள் நோட்டை மூடினாள். கணவர் தலை தூக்கிப் பார்த்தார். யாரை இறக்குவது என்பது அவர்கள் பாடு என்று போன தடவை யோசிக்காமலே விட்டுவிட்டாள், அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இறக்கிவிட்டார்கள். அந்தப் பதினெட்டில் யார் பெயரைச் சொன்னாலும் அங்கேயும் ஒரு வீடு இருக்கும், ஒரு பெட்டி இருக்கும்.

"இந்தத் தடவை பேரோட போறேன்," என்றாள். "பதினெட்டுப் பேரையும் பார்த்துட்டு. யார் பேரா இருந்தாலும் அந்தப் பையன் முன்னால நின்னு ஏன்னு சொல்ல என்னால முடியணும்."

போனை வைத்துவிட்டு, திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் விடுப்புக் கடிதம் எழுதினாள். புது நோட்டில் பதினெட்டுக் கட்டம் போட்டாள். டிவியில் முதல் ஆட்டத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, முதல் எண் சட்டை போட்ட கோல்கீப்பரிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.